ஆபிரிக்காவில் இரும்பு பிறந்த கதை

நிலத்தைக் கொத்தும் மண்வெட்டியும், காட்டைத் திருத்தும் கோடரியும், பகையை விலக்கும் வேலும் இரும்பின் கொடைகளே. இவ்விரும்பை ஆக்கும் கலையைப் பண்டை ஆபிரிக்க மக்கள் எங்ஙனம் பெற்றனர் என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

கார்த்தேஜ் நகரிலிருந்து சகாராப் பாலைவனத்தைக் கடந்து அக்கலை வந்தது என்பர் ஒரு சாரார். நைல் நதிக்கரையிலுள்ள மெரோவிலிருந்து பரவியது என்பர் வேறு சிலர். அந்நகரிற் குவிந்து கிடந்த இரும்புக் கசட்டைக் கண்ட பேராசிரியர் செய்ஸ், அதனைப் பண்டை ஆபிரிக்காவின் பேர்மிங்காம் என 1911ஆம் ஆண்டில் வருணித்தார். சகாராவுக்குத் தெற்கேயுள்ள பெரும்பகுதியில் செம்புக் காலமோ வெண்கலக் காலமோ இருந்ததில்லை. கற்கருவியிலிருந்து மக்கள் நேரே இரும்புக்கு வந்தனர். செம்பை உருக்கிப் பழகாதோர் இரும்பைத் தாமே கண்டறிதல் கூடுமோ என்பதே இவர்களின் வினா.

ஆயினும், மண்ணுள் மறைந்திருந்த சான்றுகள் இக்கருத்தை அசைத்துவிட்டன. நைஜீரியாவிலுள்ள தாருகாவில் 1960களில் அகழப்பட்ட உலைகள் கிறித்துவுக்கு முற்பட்டவை. 2019இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த புர்கினா பாசோவின் தூரூலா என்னும் இடமோ கி. மு. 8ஆம் நூற்றாண்டினது. ஆகவே, ஆபிரிக்கர் தாமே இக்கலையைக் கண்டனர் என்போர் இன்று பலராவர். எனினும், கி. மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தைக் கரியின் கதிரியக்கத்தைக் கொண்டு நுட்பமாகக் கணித்தல் அரிது. ஆதலின் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இரும்பு உருகுதற்கு 1,538 பாகை வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தை அக்கொல்லர் நாடவில்லை. களிமண் உலையில் தாதையும் மரக்கரியையும் இட்டுத் துருத்தியால் ஊதினர். ஏறக்குறைய 1,200 பாகையிற் கசடு உருகிப் பிரிய, இரும்பு கடற்பஞ்சு போன்ற கட்டியாகத் திரண்டது. அதனைக் காய்ச்சி அடித்துக் கருவிகள் சமைத்தனர்.

தன்சானியாவில், விக்டோரியா ஏரியின் மேற்கே வாழும் ஹாயா மக்களிடையே, வெளிநாட்டு இரும்பு மலிந்தபின் இத்தொழில் அருகி மறைந்தது. 1970களில் அவ்வினத்து முதியோர் சிலர், இளமையிற் கண்டதை நினைவுகூர்ந்து, மீண்டும் உலை கட்டி இரும்பெடுத்துக் காட்டினர். ஏட்டில் எழுதாத அக்கலையை அவர்தம் நெஞ்சமும் கைகளும் காத்து வைத்திருந்தன. எழுத்தில்லாதார்க்கு அறிவியல் இல்லை என்று எண்ணுவோர்க்கு அம்முதியோரின் உலையே தக்க விடையாகும்.