கொரோனாவுக்குப் பின் இதயம்
“இந்தப் படபடப்பு தடுப்பூசியால் வந்ததா, டாக்டர்?” காரைக்குடி வட்டாரத்திலிருந்து வருவோர் எம்மிடம் அடிக்கடி கேட்பது இது. இளவயதினரின் திடீர் மரணச் செய்திகள் விதைத்த அச்சம் அதன் பின்னே இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் சென்னை தொற்றுநோயியல் நிறுவனத்தினர், நாடெங்கும் 47 மருத்துவமனைகளின் வழியே, 18 முதல் 45 வயதினரிடையே காரணம் விளங்காத 729 திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டனர். தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. இரு தவணை பெற்றவர்களுக்கு அது குறைந்தே காணப்பட்டது. கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தவர்களுக்கும், குடும்பத்தில் திடீர் மரணம் கண்டவர்களுக்கும், அளவுமீறி மது அருந்தியவர்களுக்குமே அபாயம் மிகுந்திருந்தது.

கடுந்தொற்று இதயத் தசையில் அழற்சியையும் இரத்தக் கட்டிகளையும் உண்டாக்கக்கூடும். பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுகின்றனர். எனினும், குன்றக்குடி மலைப்படிகளை முன்பு எளிதில் ஏறியவருக்கு இன்று பாதியிலேயே மூச்சு வாங்கினால், வயதின் மீது பழி போடாமல் ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளுக்கு வாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் தாமதியாது 108ஐ அழையுங்கள்.

வரும்போது அன்றைய டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்து வாருங்கள். அது தொலைந்திருந்தால், எத்தனை நாள் ஆக்சிஜன் வைத்தார்கள் என்பதை உடனிருந்த வீட்டார் சொன்னாலும் எமக்குப் பேருதவியே.