ரத்தத்துக்கு நடுவே ஒரு குமிழி!

காலையில் வெறும் வயிற்றோடு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறீர்கள். சாயங்காலம் ரிப்போர்ட் ரெடி. க்யூவில் உங்களுக்கு முன்னால் நின்ற தொந்திக்காரரின் சர்க்கரை உங்கள் கணக்கில் ஏறவில்லை என்று என்ன நிச்சயம்?

நியாயமான சந்தேகம்தான் சார்! மெஷினை வடிவமைத்தவருக்கும் இதே கவலைதான் இருந்தது.

1950 வாக்கில் லேபில் எல்லாமே கைவேலை. ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் அளந்து, புரதத்தை நீக்கி, ரசாயனம் சேர்த்து, சூடாக்கி, நிறம் பார்த்து... அப்பாடா! கை சோர்ந்தால் அளவு தப்பும். அளவு தப்பினால் டாக்டர் கொடுக்கும் மருந்தும் தப்பும்.

அமெரிக்காவில் க்ளீவ்லாந்து நகரம். அங்கே முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த லியோனார்ட் ஸ்கெக்ஸ், இதை மெஷினிடம் ஒப்படைக்க நினைத்தார். வட்டத்தட்டில் வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள். உறிஞ்சு குழாய் ஒவ்வொன்றிலும் முங்கி எடுக்கும். எடுத்ததெல்லாம் ஒரே மெல்லிய குழாயில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

சிக்கலே அங்கேதான். முன்னே போனவரின் மிச்சம் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்குமே! பி.காம். பாஷையில் சொன்னால், ராமசாமியின் பற்று முனுசாமியின் பேரேட்டில் ஏறிவிடும்.

ஸ்கெக்ஸ் கண்ட வழி? வெறும் காற்று! குழாய்க்குள் குமிழி புகுந்தால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். இவரோ வேண்டுமென்றே வரிசையாகக் குமிழிகளை உள்ளே விட்டார். ஒவ்வொரு குமிழியும் குழாயை அடைத்தபடி, சுவரை வழித்துக்கொண்டே நகரும். முன்னதும் பின்னதும் கலக்காது. போதாததற்கு, ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே தண்ணீர்க் கழுவல் வேறு. கடைசியில் மெஷினே நிறத்தை அளக்கும். பேனா காகிதத்தில் மலைமலையாகக் கோடு போடும்.

1957-ல் டெக்னிக்கான் கம்பெனி இதை 'ஆட்டோஅனலைசர்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்றைய மெஷின்கள் பெரும்பாலும் ஒவ்வொரு சோதனையையும் தனித்தனிக் குப்பியில் செய்கின்றன. ஆனால் பலவற்றில் எடுக்கும் ஊசி ஒன்றேதான். அதனால் ஒவ்வொரு தடவையும் உள்ளும் புறமும் குளித்துவிட்டுத்தான் அடுத்த ஆளைத் தொடும். மெஷின் மாறினாலும் கவலை மாறவில்லை!

இத்தனை சுத்தமான மெஷினுக்கும் ஒன்று மட்டும் தெரியாது. ட்யூபில் வேறு யார் பேரையாவது ஒட்டியிருந்தால், அந்தப் பேருக்கே விசுவாசமாக ரிப்போர்ட் அடித்துக் கொடுத்துவிடும். ஆகவே, ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், தப்பில்லை. எழுந்திருக்கும் முன்னால் ட்யூபில் இருப்பது உங்கள் பேர்தானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குமிழியால் முடியாத வேலை அது!