"இல்லை" வேற, "புரியலை" வேற

கடலூர் முதுநகர் ஸ்டேஷன் விசாரணை கவுன்ட்டரில், "இப்ப சிதம்பரத்துக்கு வண்டி இருக்கா?" என்று கேட்கிறோம். "இல்லை" என்று பதில் வந்தால் நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். "என்ன கேட்டீங்க, புரியலையே" என்று வந்தால்? இன்னொரு தடவை தெளிவா கேட்போம். "புரியலை"ன்னு சொன்னதுக்காக யாரும் பஸ் பிடிக்க ஓட மாட்டாங்க. ஆனா நாம எழுதுகிற ஸ்கிரிப்டுகள் தினமும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்க டீமில் நடந்ததையே சொல்கிறேன். வேறொருவர் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் வேலை செய்ய கிட் மறுத்துவிடும். "இது நம்ம ஃபோல்டர்தான்" என்று சேஃப்.டைரக்டரி பட்டியலில் சேர்த்தால்தான் விடும். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு. பொதுவான லேப் கம்ப்யூட்டரில் இது அடிக்கடி தொல்லை கொடுத்ததால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். லாகின் ஆனதும் அது கிட் கான்ஃபிக் கட்டளையிடம் "இந்த ஃபோல்டர் பட்டியலில் இருக்கா?" என்று கேட்கும். இல்லை என்றால் சேர்த்துவிடும்.

ரெண்டு வாரம் கழித்து கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால், ஒரே வரி பக்கம் பக்கமாக இருக்கிறது! ஒவ்வொரு லாகினிலும் ஒரு வரி கூடியிருக்கிறது.

காரணம் ஃபோல்டரின் பெயர்: "ப்ராஜெக்ட் [பைனல்". பெயர் வைத்த நண்பன் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டான். கிட் கான்ஃபிக்கிடம் தேடச் சொல்லிக் கொடுக்கும் மதிப்பை அது வெறும் எழுத்தாகப் பார்ப்பதில்லை, ரெகுலர் எக்ஸ்பிரஷனாகப் பார்க்கிறது. அதில் [ என்றால் "இங்கிருந்து ஒரு எழுத்துப் பட்டியல் ஆரம்பம்" என்று அர்த்தம். பட்டியல் முடியவே இல்லை என்றால் அந்த பேட்டர்ன் செல்லாது. கிட் ஃபைலில் தேடவே ஆரம்பிக்கவில்லை. "உங்க கேள்வி புரியலை" என்றது. எங்க ஸ்கிரிப்ட் அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டது.

இத்தனைக்கும் கிட் ரெண்டையும் பிரித்துத்தான் சொல்கிறது. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அதுதான் எக்ஸிட் கோட். கிட் கான்ஃபிக்கில் 0 என்றால் கிடைத்தது, 1 என்றால் கிடைக்கவில்லை, 6 என்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷனே தப்பு. கிரெப்பும் இப்படித்தான்: 0 கிடைத்தது, 1 கிடைக்கவில்லை, 2 பிழை. ஆனா ஷெல்லில் வெறும் "இஃப்" போட்டால் 0 மட்டும்தான் உண்மை. 1, 6 எல்லாம் ஒரே கூடையில் விழுந்துவிடும்.

நாங்க இன்னொரு தப்பும் செய்திருந்தோம். திரையில் பிழைச் செய்தி வந்து அசிங்கமா இருக்கக் கூடாது என்று 2>/டெவ்/நல் போட்டு அதை விழுங்க வைத்தோம். எந்த பேட்டர்ன் செல்லாது என்று கிட் முதல் நாளிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. நாங்கதான் வாயைப் பொத்தியிருந்தோம். அந்தச் செய்தி இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம்: தேடும் கீயின் பெயரே தப்பாக இருந்தாலும் கிட் 1 தரலாம். அப்போது எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

சரி, அடைப்புக்குறியை மூடி "ப்ராஜெக்ட் [பைனல்]" என்று வைத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்குமா? இல்லை, இன்னும் மோசம். இப்போது பேட்டர்ன் செல்லும், ஆனா அர்த்தம் வேறு: "அடைப்புக்குள் இருக்கும் எழுத்துகளில் ஏதோ ஒன்று". தன் பெயரையே அதனால் கண்டுபிடிக்க முடியாது. பிழையும் வராது, சமர்த்தாக 1 வரும்.

அதனால் முதல் கேள்வி: நமக்கு இங்கே ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேவையா? அப்படியே பொருந்தினால் போதும் என்றால் --ஃபிக்ஸ்ட்-வேல்யூ என்ற ஆப்ஷன் இருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த 2.30 பதிப்பில் சேர்த்தார்கள். அதைப் போட்டால் [ வெறும் [ தான். எங்க ஸ்கிரிப்டைச் சரிசெய்தது இந்த ஒரு சொல்தான். கூடவே, எக்ஸிட் கோட் 1 வந்தால் மட்டும் சேர்க்கணும், 0-வும் 1-ம் தவிர வேறு எது வந்தாலும் நின்றுவிடணும் என்று மாற்றினோம்.

மினி ப்ராஜெக்டுக்கு நீங்களே இப்படி ஒரு டூல் எழுதினால் நாலு விஷயம் பார்த்துக்கோங்க.

1. ஃபைலைத் திறக்கும் முன்பே பேட்டர்னைச் சோதித்துவிடுங்க. சி மொழியில் ரெக்காம்ப் 0 தவிர வேறு எதைத் தந்தாலும் பிழைதான். ரெக்எரர் அந்த எண்ணைப் படிக்கிற மாதிரி வாக்கியமாக்கித் தரும். பைத்தானில் ஆர்ஈ.கம்பைலை ட்ரைக்குள் வையுங்க. தப்பு எத்தனையாவது எழுத்தில் என்பது வரை அது சொல்லும்.

2. "கிடைக்கவில்லை"க்கு ஒரு எண், "பேட்டர்ன் தப்பு"க்கு வேறு எண்.

3. பிழைச் செய்தியில் பயனர் கொடுத்த பேட்டர்னை அப்படியே காட்டுங்க. அது பிழைக்கான வழியில் போகட்டும், விடையோடு கலக்க வேண்டாம்.

4. உங்க கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீங்க. ஃபைல் தேடும் பழக்கத்தில் பலர் முதல் எழுத்தாகவே * போடுவார்கள். விரிவான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அதற்கு என்ன அர்த்தம் என்று போசிக்ஸ் விதி வரையறுக்கவில்லை. ஒரு சிஸ்டம் ஏற்கும், இன்னொன்று தள்ளும்.

எங்களுக்கு நடந்தது சில நூறு வீண் வரிகளோடு போச்சு. இதே தப்பு யூசர்.இமெயில் பார்க்கிற ஸ்கிரிப்டில் இருந்தால்? "இல்லை" என்று நினைத்து லேப் கம்ப்யூட்டரின் பொது முகவரியைப் போட்டுவிடும். ராத்திரி முழுக்க கண்விழித்து நீங்க செய்த வேலை யாரோ ஒருத்தர் கணக்கில் பதிவாகும். ரிவ்யூ அன்றைக்குத்தான் அது தெரியும்.

இன்றைக்கு உங்க ஸ்கிரிப்டுகளைத் திறந்து 2>/டெவ்/நல் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்க. தேடும்போது எக்ஸிட் கோடையும் பாருங்க!