நீலகிரி மழையும் இயல்நிலைப் பரவலும்: சமவாய்ப்பு மாறி குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அடிப்படைப் புள்ளியியலில் இடம்பெறும் சமவாய்ப்பு மாறி, இயல்நிலைப் பரவல் ஆகிய இரு கருத்துகளையும் நீலகிரி மாவட்ட மழைப்பொழிவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இயல்நிலைப் பரவல் பொருந்தாத இடத்தில் அதனைப் பயன்படுத்துவதால் நேரும் பிழையையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சமவாய்ப்பு மாறி, இயல்நிலைப் பரவல், திட்டவிலக்கம், உச்ச மதிப்பு, நீலகிரி.

முன்னுரை

உதகைக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியில், 2009 நவம்பர் 10 அன்றைய பதிவின்படி, 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பெய்தது. அந்நாள்களில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. இத்தகைய மழையை ‘எதிர்பாராதது’ என்பது வழக்கம். எந்தக் கணக்கின்படி எதிர்பாராதது என்பதே இங்கு எழும் வினா.

சமவாய்ப்பு மாறி

ஒரு சோதனையின் ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்ணை அளிக்கும் சார்பு சமவாய்ப்பு மாறி எனப்படும். ‘சமவாய்ப்பு’ என்னும் சொல்லைக் கொண்டு, எல்லா மதிப்புகளுக்கும் ஒரே வாய்ப்பு உண்டு எனக் கருதலாகாது. கேத்தியில் ஒரு நாளில் 1 செ.மீ. மழை பெய்வதற்கும் 82 செ.மீ. பெய்வதற்கும் உள்ள வாய்ப்புகள் சமமல்ல.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்த நாளை மழைநாள் எனக் கொள்கிறது. ஒரு மாதத்தின் மழைநாள்களின் எண்ணிக்கை 0, 1, 2 என முழு எண்களையே ஏற்கும். எனவே அது தனிநிலை மாறி. நாள்தோறும் பெய்யும் மழையளவோ சற்று வேறானது. மழையற்ற நாள்கள் பல இருப்பதால் சுழியம் என்னும் ஒற்றை மதிப்புக்கே கணிசமான நிகழ்தகவு அமைகிறது. மழை பெய்யும் நாள்களில் அளவு தொடர்ச்சியாக மாறுகிறது. ஆகவே அது இரு இயல்புகளும் கலந்த மாறி.

இயல்நிலைப் பரவல்

ஈருறுப்புப் பரவலின் தோராயமாக 1733-இல் டி மாய்வர் கண்ட வளைவரையை, 1809-இல் காஸ் வானியல் அளவீட்டுப் பிழைகளுக்குப் பயன்படுத்தினார். மணி வடிவமுடைய இவ்வளைவரை சராசரியின் இருபுறமும் சமச்சீரானது. சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கத் தொலைவுக்குள் ஏறத்தாழ 68 விழுக்காடும், இரண்டுக்குள் 95 விழுக்காடும், மூன்றுக்குள் 99.7 விழுக்காடும் மதிப்புகள் அடங்கும். ஒன்றையொன்று சாராத சிறு காரணிகள் பல கூடி ஓர் அளவை உருவாக்கும்போது இப்பரவல் தோன்றும் என மைய எல்லைத் தேற்றம் கூறுகிறது.

தேயிலைப் பொட்டலங்களின் எடைச் சராசரி 250 கிராம், திட்டவிலக்கம் 2 கிராம் எனக் கொள்வோம். 246 கிராம் என்பது சராசரிக்கு இரண்டு திட்டவிலக்கம் கீழே உள்ளது. எனவே 1000 பொட்டலங்களில் ஏறத்தாழ 23 மட்டுமே அவ்வெடைக்குக் குறையும். இங்கு இயல்நிலைப் பரவல் நன்கு பொருந்துகிறது.

மழையில் நேரும் பிழை

இதே முறையை நாள் மழையளவுக்குப் பொருத்திப் பார்ப்போம். விளக்கத்திற்காகச் சராசரி 10 மி.மீ., திட்டவிலக்கம் 25 மி.மீ. எனக் கொண்டால், மழையளவு சுழியத்திற்குக் கீழே அமைவதன் நிகழ்தகவு 0.34 என வருகிறது. எதிர்ம மழை என ஒன்றில்லை. மறுமுனையில், 820 மி.மீ. மழை சராசரியிலிருந்து 32 திட்டவிலக்கத்திற்கும் அப்பால் நிற்கிறது. அதன் நிகழ்தகவு சுழியம் எனவே கொள்ளத்தக்கது. திட்டவிலக்கத்தை இருமடங்காக்கினாலும் அது 16 திட்டவிலக்கத்திற்கு அப்பாலேயே இருக்கும். எதிர்ம மழையின் நிகழ்தகவோ மேலும் கூடும். இயலாதது எனக் கணக்கு கூறிய மழை கேத்தியில் பெய்தது. பிழை மழையில் இல்லை, எடுகோளில் உள்ளது.

உரிய மாறியைத் தேர்தல்

ஆண்டின் மொத்த மழை பல நாள்களின் கூட்டுத்தொகை. ஆதலால் அது இயல்நிலைப் பரவலை நெருங்கக்கூடும். எனினும் பருவமழை நாள்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மறத்தலாகாது. மலைச்சாலைக்கு வடிகாலும் தடுப்புச்சுவரும் அமைப்போர்க்குத் தேவையானது ஆண்டு மொத்தமன்று. ஆண்டின் மிகப்பெரிய ஒருநாள் மழை. அதற்குக் கும்பெல் பரவல் முதலான உச்ச மதிப்புப் பரவல்கள் பயன்படுகின்றன. கும்பெல் பரவல் சமச்சீரற்றது; அதன் வலப்புற வால் நீண்டது.

‘நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை’ என்பதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை எனில், 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது பெய்வதன் நிகழ்தகவு 1 − (0.99)³⁰, அதாவது ஏறத்தாழ 26 விழுக்காடு. சரிவில் வீடு கட்டி 30 ஆண்டுகள் வாழும் குடும்பத்திற்கு இது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

முடிவுரை

‘இயல்நிலை’ என்னும் பெயரால், பிற பரவல்கள் இயல்புக்கு மாறானவை என்றாகிவிடாது. தரவு எத்துறையைச் சார்ந்ததாயினும், சராசரியும் திட்டவிலக்கமும் காணுமுன், ஆராயப்படும் மாறி எது, அது ஏற்கும் மதிப்புகள் யாவை, அதன் நிகழ்வெண் வரைபடம் எவ்வடிவில் உள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கு ஆய்வாளர் விடை காணுதல் வேண்டும். அவ்வாறு காணாதவிடத்து, ‘எதிர்பாராதது’ என்னும் சொல் இயற்கையைக் குறிக்காது; நம் கணக்கின் குறையையே குறிக்கும்.