வெயிலில் ஊறும் தேநீர்

கோடை வந்தால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல வீட்டு வாசற்படிகளில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று வெயில் காயும். உள்ளே தண்ணீரும் தேயிலைப் பைகளும் இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் ஊறியதும் ஐஸ் போட்டுக் குடிப்பார்கள். இதற்கு ‘சன் டீ’ என்று பெயர். தேயிலைக்குப் பதில் செம்பருத்தி, புதினா, எலுமிச்சைப்புல் போட்டால் மூலிகைத் தேநீர். அடுப்பு பற்றவைக்க வேண்டாம், சமையலறையும் வேகாது. கத்திரி வெயிலில் வாடும் நமக்கு இந்த யோசனை பிடித்துப்போவது இயல்புதான். ஆனால் மூலிகை போடும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்.

செம்பருத்தியையே எடுத்துக்கொள்வோம். இதழ்களைத் தண்ணீரில் போட்ட சிறிது நேரத்தில் அவற்றின் ஓரங்களிலிருந்து ஊதா இழைகள் மெல்லக் கீழிறங்கும். இதழ் வெளுத்துக்கொண்டே வரும். இறங்குவது அந்தோசயனின் என்னும் நிறமி. நீரில் எளிதாகக் கரையக்கூடியது என்பதால் அதற்குக் கொதிக்கும் நீர் தேவையில்லை, வெதுவெதுப்பும் நேரமும் போதும். புதினாவின் மென்தாலும் எலுமிச்சைப்புல்லின் சிட்ராலும் காற்றில் பறந்துவிடும் இயல்புடையவை. திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், டம்ளரில் மணம் குறையும். மூடிய ஜாடியில் அது தங்கிவிடுகிறது. தேயிலை போட்டாலும் துவர்ப்பும் கசப்பும் குறைவாகவே இறங்கும். வெயில் தேநீரின் சுவை மென்மையானது என்று ரசிகர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஜாடி எவ்வளவு சூடாகும்? உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் ஆற்றல் விழுகிறது. 10 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஜாடியைப் படுக்கவைத்தால், அதன் பங்குக்குக் கிடைப்பது 20 வாட்தான். அதில் துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க நான்கு மணி நேரமாகும். ஆனால் வீணாகத்தான் செய்கிறது. தெளிந்த நீர் ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்காமல் கடத்திவிடுகிறது. சூடு ஏற ஏற, காற்றுக்குப் பறிகொடுப்பதும் கூடுகிறது. போதாக்குறைக்கு, ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால், நிமிர்த்தி வைத்த ஜாடியில் பெரும்பாலும் மூடிதான் வெயில் காய்கிறது. எப்படிப் பார்த்தாலும் 55 டிகிரியைத் தாண்டுவது அரிது.

சிக்கல் அங்கேதான். உணவில் கிருமிகள் பெருகும் எல்லை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. வெயில் தேநீர் ஊறும் நேரம் முழுக்க அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1996-இல் தந்த அறிவுரை இது: தேநீரை 90 டிகிரிக்குக் குறையாத நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவையுங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். தோட்டத்தில் பறித்த இலையிலும் பூவிலும் மண்ணும் தூசியும் ஒட்டியிருக்கும். தேயிலையிலுள்ள கஃபீனும் பாலிஃபீனால்களும் சில கிருமிகளை ஓரளவு அடக்கும். மூலிகைகளை அப்படிப் பொதுவாக நம்ப முடியாது. துளசி கிருமிகளைக் கொல்லும் என்பார்கள். அதன் எண்ணெயைச் செறிவாக எடுத்துச் சோதித்துச் சொன்னது அது. ஒரு லிட்டர் நீரில் பத்து இலை ஊறினால் அந்த வலிமை வராது.

வெயில் தேநீர் பாகுபோல் கொழகொழத்தால் கொட்டிவிடச் சொல்வார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் அல்கலிஜீனஸ் விஸ்கோலாக்டிஸ் என்ற பாக்டீரியா அப்படி இழை இழையாக்கும். ஆனால் செம்பருத்தியில் இயற்கையாகவே வழவழப்பு உண்டு. எனவே இந்த அடையாளம் செம்பருத்தித் தேநீருக்கு உதவாது. கெட்டுப்போனதும் வழவழக்கும், நல்லதும் வழவழக்கும்.

சூரிய ஒளியே கிருமிகளைக் கொல்லுமே என்று கேட்கலாம். கொல்லும். பெய்ரூட்டில் ஆய்வாளர் அஃப்டிம் அக்ராவும் அவருடைய சகாக்களும் 1980-இல் லான்செட் மருத்துவ இதழில் அதைக் காட்டினார்கள். இன்றும் ஏழை நாடுகள் பலவற்றில் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்களில் குடிநீரை நிரப்பி, கூரையில் ஆறு மணி நேரம் படுக்கவைத்துச் சுத்திகரிக்கிறார்கள். அங்கே வேலை செய்வது புற ஊதாக் கதிர். அது ஊடுருவ வேண்டுமென்றால் நீர் தெளிவாக இருக்க வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. நிறமேறிய நீர் அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது, மிதக்கும் இலைகள் கிருமிகளுக்கு நிழல் தருகின்றன.

அதே மென்மையான சுவை வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜை நம்புங்கள். நன்றாகக் கழுவிய இலைகளையும் பூக்களையும், கொதிக்கவைத்து ஆறிய நீரில் போட்டு, இரவு முழுக்க உள்ளே வையுங்கள். மணமும் நிறமும் இறங்கும், குளிரில் கிருமிகள் பெருகுவது மிகவும் மெதுவாகிவிடும். சூரியனைக் கொண்டுதான் செய்வேன் என்பவர்களுக்குச் சூரிய அடுப்பு இருக்கிறது. கறுப்புப் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பிவிடும் தகடு என மூன்றும் சேர்ந்தால் 65 டிகிரியைத் தாண்ட முடியும். வழக்கமான நோய்க்கிருமிகள் சில நிமிடங்களில் மடிந்துவிடும். அந்தச் சூட்டுக்கும் தப்பும் பாக்டீரிய வித்துகள் (ஸ்போர்) உண்டு, அதனால் இறக்கியதும் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

செம்பருத்தியென்றால் எலுமிச்சைச் சாற்றை ஊறப்போடும்போதே பிழிந்துவிடுங்கள். புளிப்பு கிருமிகளை மட்டுப்படுத்தும், அமிலத்தில் அந்தோசயனின் நிலைத்து நிற்கும், ஊதா நீர் கண்முன்னே செக்கச்செவேலென்று மாறும்.