கவுண்டமணி கையில் தவில்! சிரிப்புக்குள்ளே ஒரு பிழைப்பு!

கோவை,
மாரியம்மன் கோவிலில் கம்பம் நட்டாச்சு என்றால் போதும், பந்தல் மூங்கிலில் குழாய் ரேடியோ ஏறிவிடும். அம்மன் பாட்டு முடிந்ததும் அடுத்து எது? “மாங்குயிலே பூங்குயிலே”தான்! ‘கரகாட்டக்காரன்’ படம் திரைக்கு வந்தது 1989 ஜூன் 16-ல். முப்பத்தைந்து வருஷம் தாண்டியும் அந்தப் பாட்டுக்கு நரை விழவில்லை.

படத்தை எடுத்தவர் கங்கை அமரன். இசை, அண்ணன் இளையராஜா. ராமராஜன்–கனகா ஜோடி. மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி சக்கைப் போடு போட்டது. 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் நாதஸ்வரமும் பரதமும் மோதின. இங்கே மோதியது இரண்டு கரகம்!

நம்ம ஊர் ஆட்கள்!

கோஷ்டியில் தவில் அடிப்பவர் கவுண்டமணி. உடுமலைப் பக்கம் வல்லகுண்டாபுரத்துக்காரர். கூடவே, பெயரிலேயே ஊரை வைத்திருக்கும் கோவை சரளா. நாதஸ்வரத்துக்கு செந்தில். வாழைப்பழத்துக்கு இவர்கள் போட்ட சண்டையைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் சிரிக்கிறார்கள். ஓட்டைக் காரைத் தள்ளிக்கொண்டே போகிற கோஷ்டியைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் ஒன்று. படத்தில் கேலியெல்லாம் பேச்சில்தான். மேளத்தில் கேலி இல்லை. தவிலும் நாதஸ்வரமும் பம்பையும் அசல் திருவிழா அடியாகவே விழுகின்றன. கொட்டாயில் உட்கார்ந்தவன் சிரித்து முடிப்பதற்குள் கால் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

பெயரிலேயே கிண்டல்!

கரகத்துக்கு வாசிக்கிற மேளத்துக்குப் பெயரே ‘நையாண்டி மேளம்’. நையாண்டி என்றால் கேலிதானே? ஆடுகிறவரைத் தவில்காரர் சீண்டுவார். அவர் பதிலுக்கு வெடிப்பார். நடுவில் கோமாளி புகுந்து கலாய்ப்பார். ஆக, சினிமாக்காரர்கள் வெளியே இருந்து கேலியைக் கொண்டுவரவில்லை. திருவிழாத் திடலில் இருந்ததைத்தான் திரைக்குத் தூக்கிப் போனார்கள்!

“ஊரு விட்டு ஊரு வந்து” பாட்டு அதற்குச் சாட்சி. மலேசியா வாசுதேவனும் கங்கை அமரனும் பாடியது. வந்த ஊரில் காதல் வம்பு வேண்டாம், பேர் கெட்டால் பிழைப்பு போச்சு என்று கோஷ்டி புத்தி சொல்கிற பாட்டு. ஜனங்கள் சிரித்தார்கள். மேளக்காரர்களுக்கோ அது தினசரிக் கவலை! ஒரு ஊரில் பேர் கெட்டால் அடுத்த வருஷம் அச்சாரம் கிடையாது.

அனுமதிக்கே அல்லாட்டம்!

பேர் கெட்ட கதை கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. சில இடங்களில் ஆபாச ஆட்டம் என்று புகார் கிளம்பியது. போலீஸ் அனுமதி மறுத்தது. ஆபாசம் கூடாது என்று நிபந்தனை போட்டு மதுரை ஐகோர்ட் கிளை அனுமதி கொடுத்த வழக்குகள் உண்டு. எவனோ செய்த கூத்துக்கு, தலையில் செம்பை வைத்துக் கைபடாமல் ஆடுகிற நிஜக் கலைஞர்களும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

திருவிழா மாதங்களில்தான் நாலு காசு. மற்ற நாளில் கூலி வேலை. 2020-ல் கொரோனா வந்து திருவிழாக்களும் நின்றபோது, வாசிக்க இடமில்லாத மேளக்காரர்கள் நிவாரணம் கேட்டு கலெக்டர் ஆபீஸ்களில் மனுவோடு நின்றார்கள். தவிலையும் பம்பையையும் அங்கேதான் அடித்துக் காட்டினார்கள்!

இப்போது திருவிழாக்கள் திரும்பிவிட்டன. ஆனாலும் கோவைப் பக்கம் பல ஊர்களில் கேரளத்துச் செண்டை மேளம் முன்னே போகிறது. நையாண்டி மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கிற ஊர்களும் இருக்கத்தான் செய்கின்றன.

அடுத்த தடவை குழாய் ரேடியோவில் அந்தப் பாட்டு கேட்டால் தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே, கோவில் வாசலில் வேர்வை துடைத்துக்கொண்டு நிற்கிற தவில்காரர் சட்டையில் ஒரு நோட்டைக் குத்திவிட்டு வாருங்கள்!