பத்து ரெசிஸ்டர் வாங்குவது எப்படி?

மின்னோட்டம் பற்றிய பாடத்தை நடத்தும்போது பெரும்பாலான வகுப்பறைகளில் ஒரே ஒரு மின்சுற்றுதான் இருக்கும். அதுவும் ஆசிரியரின் மேசைமேல் இருக்கும். நாற்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். முன்வரிசையில் இருவர் தொடுவார்கள். அவர்களும் "சார், கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். கெட்டுப்போனால் வேறு இல்லை என்ற நிலை இருக்கும்வரை அந்தப் பயம் போகாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுற்றும், கருகினால் மாற்றிக்கொள்ள உதிரிகளும் இருந்தால் வகுப்பே மாறிவிடும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. உதிரிபாகங்களைச் சிறிய அளவில் வாங்கத் தெரிந்தால் போதும். என் பள்ளிக்காக நான் வாங்கிவரும் முறையை இங்கே பகிர்கிறேன்.

முதலில் சுற்று, பிறகு பட்டியல்

கடைக்குப் போகுமுன் எந்தச் சுற்றைச் செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். இருட்டானதும் தானே எரியும் விளக்கை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட 10 குழுக்களுக்கு என் பட்டியல் இது:

• 5 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. – 25
• பி.சி.547 டிரான்சிஸ்டர் – 15
• எல்.டி.ஆர். (ஒளியுணர் மின்தடை) – 12
• 680 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் – 25
• 100 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் – 25
• 9 வோல்ட் பேட்டரி, அதற்கான இணைப்பி – தலா 10
• பிரெட்போர்டு – 10

பட்டியலில் இரண்டு வகைப் பொருள்கள் இருப்பதைக் கவனியுங்கள். பிரெட்போர்டும் இணைப்பியும் ஆண்டுதோறும் பயன்படும். செலவில் பெரும்பகுதி அவற்றுக்கும் பேட்டரிக்கும்தான். ரெசிஸ்டர், எல்.இ.டி. போன்றவை கெடக்கூடியவை, ஆனால் விலை மிகக் குறைவு. எனவே கெடக்கூடியதைத் தேவைக்கு மேல் வாங்குகிறேன். நிலைத்திருப்பதை எண்ணி வாங்குகிறேன். இணைப்புக் கம்பிக்குப் பணம் வேண்டாம். பழைய லேன் கேபிளைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ஒற்றைக் கம்பிகள் பிரெட்போர்டில் நன்றாகப் பொருந்தும்.

கணக்கில் வரும் எண்ணும் கடையில் உள்ள எண்ணும்

680 ஓம் எப்படி வந்தது? சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 9 வோல்ட்டில் மீதி 7 வோல்ட். 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போதும் என்றால், ஓம் விதிப்படி 7 ÷ 0.01 = 700 ஓம். ஆனால் கடையில் 700 ஓம் கேட்டால் கிடைக்காது. ரெசிஸ்டர்கள் குறிப்பிட்ட மதிப்புகளில்தான் தயாராகின்றன. பரவலாகக் கிடைக்கும் வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இவற்றின் பத்தின் மடங்குகளே மற்ற மதிப்புகள். 700க்கு அருகில் இருப்பது 680. இந்தக் கணக்கை மாணவர்களையே செய்யச் சொல்லி, கடைப்பட்டியலை அவர்கள் கையாலேயே எழுத வைக்கலாம். ஓம் விதி தேர்வுக்கு மட்டுமல்ல என்பது அப்போது அவர்களுக்குப் புரியும்.

கடையில் சொல்ல வேண்டியவை

"ரெசிஸ்டர் கொடுங்க" என்றால் போதாது. ஓம் மதிப்பு, வாட் இரண்டையும் சொல்ல வேண்டும். மின்பகுப்பு மின்தேக்கி என்றால் மைக்ரோ ஃபாரடோடு வோல்ட் அளவும் வேண்டும். அது நம் பேட்டரியின் வோல்ட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரில் ஒரு எண் மாறினாலும் பொருள் மாறிவிடும்: பி.சி.547 என்.பி.என். வகை, பி.சி.557 பி.என்.பி. வகை. ஐ.சி. வாங்கும்போது 'டிப்' வகை என்று கேளுங்கள். அதன் கால்களுக்கு இடையே 2.54 மி.மீ. இடைவெளி இருப்பதால் பிரெட்போர்டில் நேராகச் செருகலாம். 'எஸ்.எம்.டி.' வகையைச் செருக முடியாது.

எங்கே வாங்கலாம்?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். மற்ற ஊர்களில் ரேடியோ, டி.வி. பழுதுபார்ப்பவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் போதும், கடை தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து ரெசிஸ்டரின் விலையைவிட அதை அனுப்பும் கட்டணம் அதிகமாகிவிடும். அதனால் குறுவள மையக் கூட்டத்தில் மூன்று, நான்கு பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பட்டியலாக வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. பள்ளி நிதியில் வாங்கினால் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகக் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.

வந்ததும் செய்ய வேண்டியவை

பிரிப்பதும் சோதிப்பதும் மாணவர் வேலை. 680 ஓமுக்கு நீலம், சாம்பல், பழுப்பு. 100 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, மஞ்சள். வண்ணத்தைப் படித்த பிறகு மல்டிமீட்டரில் அளந்து பார்க்கட்டும். கடைசிப் பட்டை தங்க நிறமாக இருந்தால் மதிப்பு 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். அளவீட்டுப் பிழை என்ற கருத்தை விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனை. பி.சி.547இன் தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருந்தால், இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். இவற்றை அட்டையில் எழுதி உறையோடு ஒட்டிவைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு

சிறு பிள்ளைகளுக்கு இரண்டு பென் டார்ச் மின்கலம், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. போதும். பொத்தான் வடிவ மின்கலங்களை மட்டும் வாங்க வேண்டாம். பிள்ளைகள் விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும். வீட்டு மின்சாரத்தில் எந்தச் சோதனையும் கூடாது என்பதை எல்லா வகுப்பிலும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

இப்போது என் வகுப்பில் எல்.இ.டி. எரியாவிட்டால் யாரும் என்னை அழைப்பதில்லை. முதலில் காலைத் திருப்பிச் செருகிப் பார்க்கிறார்கள். பிறகு மல்டிமீட்டரை எடுக்கிறார்கள். அப்போதும் எரியாவிட்டால் டப்பாவைத் திறந்து வேறொன்றை எடுத்துக்கொள்கிறார்கள்.